கூப்பிட்டதும் வந்த நாய்

நாய் வளர்ப்பவர்கள் உங்களிடம் முதலில் என்ன கேட்பார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். "கூப்பிட்டா வர மாட்டேங்குது, என்ன பண்றது?" அடுத்தது, ஏன் சும்மா சும்மா குரைக்கிறது. மூன்றாவது, சங்கிலியைப் பிடித்தால் ஏன் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. நான்காவது, குட்டி எப்போது கடிப்பதை நிறுத்தும். ஐந்தாவதை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு நாயைப் புகழ்ந்துவிட்டுத் தங்கள் நாயைப் பார்ப்பார்கள்.

நாயுடுபுரத்தில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடம் மலையெங்கும் போய் நாய்களைப் பழக்கினேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனதால் ஐம்பத்து நான்கு வயதில் நிறுத்திக்கொண்டேன். தினமும் மாலை ஆறு மணிக்கு நோட்டில் எழுதிவிடுவேன்: நாயின் பெயர், கேட்டவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்வி, அன்றைய வானிலை, நான் சொன்ன பதில். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் அந்த நோட்டுகளைக் கேட்டீர்கள். தருகிறேன். ஆனால் பதினேழாவது நோட்டுக்கு முன்னால் உள்ளவற்றில் முதல் கேள்விக்கு நான் எழுதியிருக்கும் பதிலை அப்படியே நம்ப வேண்டாம். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூப்பிட்டவுடன் வரும் நாய் என்பது என் பெருமையாக இருந்தது. ஏரிச் சாலைப் பக்கம் ஒரு விடுதியில் வளர்ந்த லாப்ரடார், சீசன் நேரத்தில் திறந்திருந்த கேட் வழியாகச் சாலைக்கு ஓடியது. சுற்றுலா வேன் ஒன்று இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. விடுதிக்காரர் ஒரே ஒரு தடவை பெயரைச் சொன்னார். சாலையின் நடுவில் அது திரும்பிவிட்டது. நான் எதிரே தேநீர்க் கடையில் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு யார் என்ன கேள்வி கேட்டாலும், "முதலில் கூப்பிட்டால் வரட்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்றே சொன்னேன்.

பூண்டி கிராமத்திலிருந்து பாண்டீஸ்வரியின் குரல் செய்தி கைபேசியில் வந்தபோதும் அந்தப் பதில் தயாராக இருந்தது.

"டீச்சர், எங்க நாயி செவலை, காட்டுமாட்டப் பாத்தா வெரட்டிக்கிட்டே சோலைக்குள்ள போயிருது. கூப்பிட்டா காது கேக்காத மாதிரியே போகுது. ஒரு நா திரும்பி வராமலே போயிருமோன்னு பயமா இருக்கு."

காட்டெருமை என்று செய்தித்தாளில் எழுதுவார்கள். மலைக்காரர்களுக்கு அது காட்டுமாடு. அவசரத்தில் வெறும் மாடு. பாண்டீஸ்வரிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கணேசன் சொந்த வேனில் பூண்டு மூட்டைகளை மலைக்குக் கீழே வடுகபட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். ஐந்து தட்டாக மலைச்சரிவில் இறங்கும் நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவளும் மாமனார் நாகையாவும். நாகையா எழுபதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு ஒரு தடவை முறிந்து சேர்ந்ததால் கம்பு இல்லாமல் நடக்க மாட்டார். மூன்றாவது தட்டின் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து விதைப்பூண்டை உடைத்துப் பிரித்துக்கொண்டிருப்பார். செவலை சாதாரண நாட்டு நாய், செம்மண் நிறம், மூன்று வயது. காட்டுப்பன்றி பூண்டுப் பாத்தியைக் கிளறாமல் இருப்பது அதனால்தான். கட்டிப்போட முடியாது.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் முதல் பஸ்ஸில் பூண்டிக்குப் போனேன். களையெடுக்க வரும் பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு. நாய்க்கு டியூசன் வைத்த வீடு என்று பாண்டீஸ்வரியைக் கேலி செய்தார்கள். ஒருத்தி என்னிடம் வந்து மிகவும் பணிவாகக் கேட்டாள்: "எம் புருசனையும் ஒரு மாசம் விடுறேன், பழக்கிக் குடுக்குறீங்களா டீச்சர்? அவரும் கூப்பிட்டா வாரதில்ல."

எப்படிப் பழக்கினேன் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதான், விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் மட்டும் வரும் நாய் பாதி பழகிய நாய் என்று நான் நம்பினேன். ஆகவே பாண்டீஸ்வரி, கணேசன், நாகையா மூவரும் கூப்பிட்டுப் பழக்கினோம். ஆறாவது ஞாயிறு, மேலே சோலைக்காட்டின் விளிம்பில் நின்ற செவலையை ஐந்தாவது தட்டிலிருந்து பாண்டீஸ்வரி "செவலை, வா" என்று கூப்பிட்டாள். தட்டுகளுக்கு நடுவில் உள்ள நான்கு கல்கட்டுகளைத் தாண்டி, ஒரு பூண்டுச் செடியைக்கூட மிதிக்காமல், பாத்தி இடைவெளியிலேயே ஓடிவந்து அவள் காலடியில் நின்றது. அந்த ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைய பக்கத்தில், "முழுமை. இனி போகத் தேவையில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கணேசன் போன் செய்தார். பாண்டீஸ்வரிக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருப்பதாகவும், முடிந்தால் வந்து பார்க்கும்படியும் சொன்னார். காரணத்தைச் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்ததும் பாண்டீஸ்வரிதான் சொன்னாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்க சொல்லிக்குடுத்தது சுத்தமா நடந்துச்சு டீச்சர். மாட்டுக்கிட்ட நின்னு குரைச்சிச்சு, கூப்பிட்டேன், ஒடனே வந்துச்சு. மாடும் கூடவே வந்துச்சு."

நாய் அவள் காலடிக்கு வர, அதற்குப் பின்னால் ஒற்றை ஆண் மாடு தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்திருக்கிறது. அவள் கல்கட்டிலிருந்து கீழ்த் தட்டுக்குக் குதித்ததால் மணிக்கட்டோடு போயிற்று. நாகையா உட்காரும் சாக்குக்குப் பத்தடி தள்ளி மாட்டின் குளம்படி பதிந்திருந்ததை எனக்குக் காட்டினார்கள். என் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். முழுதும் அதற்குள் அடங்கிவிட்டது.

நாகையா என்னை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்தார். பிறகு சொன்னார்: "ஒங்க மேல குத்தம் சொல்லல டீச்சரம்மா. அந்த வாயில்லாச் சீவன் மேலயும் குத்தமில்ல. ஆனா அது மாட்டக் கூட்டியாருது. எம் மருமக உசுருக்கு மேல எனக்கு நாயா? அடுத்த லோடுக்கு வண்டி கீழ போகையில ஏத்தி விட்டுருவோம். வடுகபட்டியில எங்கனயாச்சும் பொழச்சுக்கிரும்."

சந்தையில் விடப்பட்ட மலை நாய் எத்தனை நாள் பிழைக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பாண்டீஸ்வரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள். அடுத்த லோடுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு மாறாது என்றார் நாகையா.

என் தவறு என்ன என்பதை முதல் நாளே எழுதி வைத்தேன். டவுனில் ஆபத்து சாலையில் இருக்கிறது. எஜமானர் நிற்கும் இடம் பத்திரமானது. ஆகவே "வா" என்பது சரியான சொல். பூண்டியில் ஆபத்துக்கு நான்கு கால் உண்டு; அது நாயின் பின்னாலேயே வரும். அங்கே எஜமானர் நிற்கும் இடம்தான் நாய் வரக்கூடாத இடம். ஆறு வாரம் அந்த வயலில் நடந்திருக்கிறேன். சோலை விளிம்புக்கு எத்தனை எட்டு என்றுகூடக் கணக்கு வைத்திருந்தேன். இந்த ஒன்றை யோசிக்கவில்லை. இப்போது நீங்கள் யாருக்காவது கூப்பிட்டால் வரும் பாடம் நடத்துவதற்கு முன்னால், வந்து சேரும் இடத்தில் யார் நிற்கிறார், அவரால் ஓட முடியுமா என்று கேளுங்கள்.

தவறு தெரிந்தது, மாற்று தெரியவில்லை. முதலில் தூரத்திலேயே "நில்" என்று சொல்லிப் பழக்கிப் பார்த்தேன். செவலை நின்றது. ஆனால் நின்ற நாய் குரைத்தது. குரல் கொடுத்தாலே மாடு திரும்பிப் பார்க்கும். இரண்டு நாள் வீணாயிற்று.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பதினோரு பெண்கள் நான்காவது தட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்த வயல் சட்டென்று ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரையும் காணவில்லை. அப்போதுதான் என் முந்தானையைக் கீழிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"உக்காருங்க டீச்சர். நீங்க என்ன கொடிக்கம்பமா?"

கேட்டவள் புருசனைப் பழக்கித்தரச் சொன்ன அதே பெண். உட்கார்ந்த பிறகு எட்டிப் பார்த்தேன். எதிர்ச் சரிவில் ஏழு மாடுகள் மூடுபனியிலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முதலில் பார்த்தவள் கத்தவில்லை, கை காட்டவில்லை. இருந்த இடத்திலேயே கல்கட்டை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள், அவளைப் பார்த்து அடுத்தவள். ஒரு மூச்சு நேரத்தில் வயல் காலியாகிவிட்டது. அந்த ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஒருத்தர் உட்கார்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

நான் மாடுகளைவிட அதிகமாக நாயைத்தான் பார்த்தேன். செவலையின் காதுகள் மாடுகளின் பக்கம் இருந்தன. ஆனால் முகம் பெண்களின் பக்கம் திரும்பியிருந்தது. நின்றவர்கள் எங்கே என்று தேடிவிட்டு, பாண்டீஸ்வரி உட்கார்ந்திருந்த இடத்தைக் கண்டதும் அதன் பின்னங்கால்கள் மடங்கின. பாதி மடங்கி மறுபடி நிமிர்ந்தன. இரண்டு நொடிகூட இருக்காது. மூன்று வருடமாக அந்த நாய் தினமும் இதைப் பார்த்து வந்திருக்கிறது. இதில் தனக்கும் ஒரு பங்கு உண்டா என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை.

அன்று மதியமே தொடங்கினோம். சொல் கிடையாது, விசில் கிடையாது. பாண்டீஸ்வரி உட்கார்ந்தால் செவலை இருந்த இடத்தில் படுக்க வேண்டும். அவள் எழுந்தால்தான் எழ வேண்டும். புதுப் பாடத்துக்கு ஒரு நாய் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு ஓரளவு தெரியும். இதை அது அன்று சாயங்காலத்துக்குள் புரிந்துகொண்டது. மறுநாள் நூறு எட்டுத் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே படுத்தது. அதற்கு நான் புதிதாக எதையும் கற்றுத் தரவில்லை. அதற்குத் தெரிந்திருந்த ஒன்றுக்கு அனுமதி கொடுத்தேன், அவ்வளவே. பெண்களும் கேலியை நிறுத்திவிட்டார்கள். நாகையா மட்டும் பூண்டை உடைத்தபடியே, மாட்டை முன்னால் வைத்துச் செய்தால்தான் நம்புவேன் என்றார். அது நியாயமான பேச்சு. ஓடும்போது படுத்ததை ஒன்பதாம் நாளுக்குள் நாற்பது தடவைக்கு மேல் பார்த்திருந்தேன். அதில் ஒரு தடவைகூட மாடு இல்லை.

பத்தாம் நாள் காலை. கணேசன் மேட்டுப் பாதையில் வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். செவலையைப் போட்டுக் கட்ட ஒரு வெறும் சாக்கு முன்சீட்டில் மடித்து வைத்திருந்ததை நான் வயலுக்கு வரும்போதே பார்த்தேன். பாண்டீஸ்வரியும் நானும் மூன்றாவது தட்டின் வலது ஓரத்தில் நின்றோம். இடது ஓரத்தில், நாற்பது எட்டுத் தள்ளி, நாகையா சாக்கிலிருந்து எழுந்து கம்பை ஊன்றி நின்றிருந்தார். மணி ஏழு நாற்பது. பனி சோலை விளிம்புவரை இறங்கியிருந்தது.

செவலை முதல் தட்டில் குரைத்தது. பனிக்குள்ளிருந்து ஆண் மாடு வெளியே வந்தது. முதலில் நெற்றி, பிறகு வெள்ளைக் கால்கள்; நடுவில் கருப்பு, முடிவே இல்லாமல். அவ்வளவு பெரிய உருவம் ஒரு சருகுச் சத்தம்கூட இல்லாமல் வந்து நின்றது. இத்தனை வருடம் இந்த மலையில் இருந்தும், இது நம்மோடு இதே மண்ணில்தான் வாழ்கிறது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். அது தலையைத் தாழ்த்தியது. செவலை திரும்பி ஓடிவந்தது, நேராகப் பாண்டீஸ்வரியை நோக்கி. மாடு கல்கட்டை ஒரே எட்டில் தாண்டிப் பின்னால் வந்தது.

பாண்டீஸ்வரி உறைந்துபோய் நின்றாள். உட்கார வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அப்போது நாகையா கூப்பிட்டார்.

"செவலை, வா. இங்க வா."

பயத்தில் கூப்பிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நாய் வந்தால் மாடும் வரும் என்று எனக்கே சொன்னவர் அவர். தெரிந்துதான் கூப்பிட்டார். நாய் ஓட்டத்திலேயே திரும்பியது. நான் பழக்கியது, தவறாமல் திரும்பியது. மாடும் திரும்பி, கம்பை ஊன்றி நின்ற அந்த மனிதரை நோக்கிப் போயிற்று.

பாண்டீஸ்வரிக்கும் புரிந்துவிட்டது. நாயைத் திரும்பத் தன்னிடம் கூப்பிட அவள் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முடிவெடுக்க எனக்கு இருந்த நேரம் அந்த ஒரு மூச்சுதான். அவளைக் கூப்பிட விட்டால் மாடு எங்கள்மேல் வரும். நான் கத்தினால் என்ன ஆகும் என்று தெரியாது. அவளை உட்காரவைத்தால், நாய் பார்க்க வேண்டும். பார்த்தாலும் படுக்க வேண்டும். படுத்தாலும் மாடு நிற்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் நான் எங்கள் இருவரையும் காப்பாற்றிக்கொண்டு அவரைக் கைவிட்டதாகத்தான் ஆகும். இதை அலங்கரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் ஸ்வெட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தேன். இருவரும் கல்கட்டோரம் விழுந்தோம்.

செவலை எங்களுக்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் கூப்பிட்ட குரல். ஓரக்கண்ணில் உட்கார்ந்த உருவம். ஒரு முழு எட்டு அது காற்றில் இருந்தது. கீழே இறங்கியபோது பூண்டுப் பாத்திக்குள் மறைந்துவிட்டது. சத்தமில்லை, அசைவில்லை. பூண்டின் பச்சைத் தாள்கள் மட்டும் ஒரு தடவை ஆடி நின்றன.

துரத்திய பொருள் காணாமல் போனதும் மாடு நின்றது. படுத்திருந்த நாய்க்கும் அதற்கும் எட்டு அடி. நாகையாவுக்கும் அதற்கும் இருபது எட்டுத் தூரம். அவர் கம்பைப் பிடித்தபடியே, இடுப்பு வலியோடு, மெல்ல மெல்ல மடங்கிச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். இப்போது வயலில் நின்றது மாடு ஒன்றுதான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். மாட்டின் மூச்சு வெள்ளையாக வந்து போயிற்று. பிறகு அது யோசித்து முடித்ததுபோலத் திரும்பி, பாத்திகளின் குறுக்கே நடந்தது. ஒரு குளம்பு செவலையின் வாலுக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது. ஈர மண் நாயின் முதுகில் தெறித்ததைப் பார்த்தேன். அந்த நாய் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மாடு கல்கட்டு ஏறிப் பனிக்குள் போனது. பனி மூடிக்கொண்டது.

மேலே வேன் பக்கத்தில் கணேசன் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றிருந்தார்.

பாண்டீஸ்வரி உட்கார்ந்தபடியே அழுதாள். எழ முயன்றாள், கால்கள் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் போயிற்று. பூண்டுப் பாத்திக்குள் செவலை அப்படியே படுத்திருந்தது. மாடு போய்விட்டது என்று அதற்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எழவில்லை.

நாகையா சாக்கில் இருந்தபடியே அந்தப் பாத்தியை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேலே மகனைப் பார்த்து, பூண்டை மட்டும் கொண்டு போகச் சொன்னார். அதன் பின் மருமகளிடம் திரும்பினார்.

"எந்திரி தாயி," என்றார். "நீ எந்திரிக்காம அது எந்திரிக்காது. பாவம், இன்னும் ஈரத்துல கெடக்கு."

அவள் என் தோளைப் பிடித்து எழுந்தாள். அந்த நாற்பது எட்டுத் தூரத்துக்கு நடுவில், பச்சைத் தாள்களுக்கு மேலே, முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன.